பாரமானியைத் தட்டும் கை

கெர்வானோ விரலை மடக்கிப் பாரமானியின் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். முள் இன்னும் ஒரு கோடு இறங்கியது; இறங்கினால் புயல் வரும். பாரிஸ் நகரத்தில் புயல் அடித்தால் நாலு குடை பறக்கும், அவ்வளவுதான். ஆனாலும் கடற்படை மந்திரியான அவருக்கு இந்தக் கண்ணாடியை ஒரு நாளைக்கு இருபது தடவை தட்டாவிட்டால் சோறு இறங்காது. முப்பத்தொரு வருஷம் கப்பலில் கிடந்த கை அது.

"இன்னிக்கும் எறங்குதா, கேப்டன்?" என்று கேட்டார் மால்கோர்ன். அலுவலகமே "மந்திரி ஐயா" என்று குழைந்தாலும் மால்கோர்னுக்கு மட்டும் அவர் கேப்டன்தான். கப்பலில் அவருக்குக் காப்பி போட்டவர், அவர் மந்திரியானதும் கூடவே வந்துவிட்டார்.

"இதுக்கு வயசாயிடுச்சுப்பா. சும்மா பயமுறுத்துது."

பாரமானி போன மாதம்தான் வாங்கியது. பொய் சொல்லக்கூட இந்த மனிதருக்குச் சரியாக வராது.

மந்திரி தனியாகத்தான் சாப்பிடுவார். கப்பலில் கேப்டன் தனியாகச் சாப்பிடுவது வழக்கம். கரையேறியும் அது விடவில்லை. தட்டு சரிந்து விழாமலிருக்க மேசையைச் சுற்றி மரச்சட்டம் வேறு. இந்த மேசை கப்பலில் போல ஆடாது என்று அவரிடம் யார் சொல்வது? முயல் என்ற பேச்சே அவர் காதில் விழக்கூடாது. கயிற்றைக் கடித்துக் கப்பலையே கவிழ்க்கும் பிராணி என்பது மாலுமிகளின் நம்பிக்கையாம். புதிதாக வந்த சமையல்காரி ஒருநாள் முயல் குழம்பு வைத்துவிட்டாள். மடியில் விரித்த துணியை உதறிக்கொண்டு மந்திரி எழுந்துவிட்டார். "அம்மா, பதவி போனாலும் போகட்டும், அந்த நீளக்காது மட்டும் வேணாம்!"

மால்கோர்னுக்கும் ஒரு பயம் உண்டு. அவர் பிறந்த உவெசான் தீவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். ஒருவரைக் கடல் கொண்டுபோய்விட்டால், உறவில் மூத்தவர் வந்து வாய் திறக்காமல் தட்டுவார். உடம்பு கிடைக்காதே, அதற்குப் பதிலாக மேசைமேல் ஒரு சின்ன மெழுகுச் சிலுவையை வைத்து விடிய விடிய அழுவார்கள். மற்றபடி வருகிறவர்கள் வாசலிலிருந்தே, "நான்தான், பயப்படாத!" என்று கத்திக்கொண்டு வருவார்கள். பாரிஸிலும் மால்கோர்ன் மாறவில்லை. குமாஸ்தா யாராவது சமையலறைக் கதவைத் தட்டினால் கையிலிருக்கும் பாத்திரம் கீழே விழும். "தட்டாதீங்கய்யா, கூப்பிட்டுத் தொலைங்க!" மந்திரிக்கு இது தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்று, "மால்கோர்ன், நான்தான்!" என்று கூவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

சூறாவளியில் சிரித்துக்கொண்டு நின்ற கெர்வானோவுக்கு நாடாளுமன்றம் என்றால் குலை நடுங்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே ஓர் உறுப்பினர் எழுந்து, கலெர்ன் என்ற கப்பல் ஏன் இன்னும் துறைமுகத்தில் தூங்குகிறது என்று கேட்டார். கொதிகலனில் குழாய்கள் நைந்திருக்கின்றன, பத்து நாள் கொடுங்கள் என்று அதன் கேப்டன் எழுதிய கடிதம் மந்திரியின் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துப் படிக்க வேண்டியதுதானே? கை எழவில்லை. "கப்பலுக்குச் சளி பிடிச்சிருக்கா, மந்திரி அவர்களே?" என்றார் அந்த உறுப்பினர். சபை முழுக்கச் சிரித்தது.

அன்று மத்தியானமே கப்பல் புறப்பட உத்தரவு எழுதினார். மை ஒத்தும் தாளோடு பக்கத்தில் நின்றவர் மால்கோர்ன். அந்தக் கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் அவருடைய மகன் ஈவோன்.

"பத்து நாள் கேட்டிருந்தாங்களே, கேப்டன்?"

"பேசாம ஒத்துப்பா."

மால்கோர்ன் ஒத்தினார்.

கலெர்ன் வந்து சேர வேண்டிய நாள் கடந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மந்திரி கண்ணாடியைத் தட்டுகிறார். மால்கோர்ன் முள்ளைப் பற்றிக் கேட்கிறார். தந்திச் சேவகன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் இருவரும் கைவேலையை நிறுத்திவிட்டு அவன் காலடியை எண்ணுகிறார்கள்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு சேவகன் ஏறினான், இறங்கினான். சமையலறையில் மால்கோர்ன் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடையில் காலடிச் சத்தம் மெல்ல வந்து கதவுக்கு வெளியே நின்றது. கூப்பிடும் குரலுக்காக மால்கோர்ன் துணியும் கையுமாகக் காத்திருந்தார்.

கதவில் இரண்டு தட்டு விழுந்தது. காலையில் கண்ணாடியில் விழுந்த அதே தட்டு.

"கேப்டன், கூப்பிடுங்க," என்றார் மால்கோர்ன், திரும்பாமலே. "எப்பவும்போல வாயத் தொறந்து கூப்பிடுங்க."

வெளியே மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

மால்கோர்ன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். கரண்டிகளை ஒதுக்கினார், கோப்பைகளை நகர்த்தினார். மேசை நடுவில் ஒரு சாண் இடத்தை ஈரம் போகத் துடைத்துக் காலியாக வைத்தார்.