கொட்டுமேளத்தோடு வந்த டிவி

என் தங்கை தாமரைச்செல்வியின் வீட்டுக்காரர் அழகுபாண்டியை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனையூரில் சொந்த வீடு, நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்ட் வேலை, பீடி சிகரெட் கிடையாது, யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வீட்டுக்குள் போன ஒரு பொருளும் நிம்மதியாகச் சாக முடியாது. இவர் சாக விட மாட்டார்.

குக்கர் கைப்பிடி உடைந்தால் லேபில் கழித்துப் போட்ட ஸ்டாண்டின் கட்டையை அறுத்து மாட்டுவார். மிக்ஸி மூடி போனால் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து கிளிப் போடுவார். செருப்பு வார் அறுந்ததற்குக் காப்பர் கம்பி. அந்தச் செருப்போடு என் மகன் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீடியோக்காரன் பாவி, அதை மட்டும் கிட்டத்தில் எடுத்து வைத்திருக்கிறான். ஒரு சித்திரையில் சீலிங் ஃபேனைப் பிரித்து மாட்டியதில் அது தலைகீழாகச் சுற்றியது. காற்று மேலே போய்க்கொண்டிருந்தது.

"மேல போற காத்து செவத்துல பட்டுக் கீழதான மச்சான் வரணும்?" என்றார்.

ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லோரும் சுவரோரமாகவே படுத்திருந்தார்கள்.

என் பெயர் ஆண்டிச்சாமி. பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி ஊருக்குள் கேட்டால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் உண்மை அவர்களுக்குத் தெரியாது. உண்மை ஒரு டிவிக்குள் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கை வீட்டில் பால் காய்ச்சினார்கள். எங்கள் பக்கத்தில் தங்கச்சி வீட்டுக்குப் பால் காய்ச்சினால் அண்ணன்காரன் கையை வீசிக்கொண்டு போக முடியாது. சீர் கொண்டு போக வேண்டும். வண்டியை வீட்டு வாசலிலும் நிறுத்தக் கூடாது. தெருமுனையிலேயே இறக்கி, கொட்டு அடித்து, வேட்டுப் போட்டு, ஊரே வேடிக்கை பார்க்க நடந்து போக வேண்டும். அதற்கு முன்பே ஃப்ளெக்ஸ் கட்டியிருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டேன். கூலிங்கிளாஸ் போட்ட நான் ஒரு பக்கம், பெரிய கம்பெனி டிவி ஒரு பக்கம், நடுவில் 'தாய்வீட்டுச் சீர்' என்று எழுத்து.

அந்த மாதம்தான் வெங்காயம் என்னைக் கவிழ்த்தது. கடையில் மூட்டை மூட்டையாக அழுகி, வாடை பக்கத்துக் கடைக்காரன் சோற்றில் ஏறியது. கம்பெனி டிவி வாங்க வழியே இல்லை. மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? தங்கச்சியிடம், 'இந்தத் தடவை தோது இல்லைம்மா, மிக்ஸியோடு வாரேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்றே. ஃப்ளெக்ஸில் உள்ளதை மாற்ற முடியுமா? டவுனில் ஒரு சந்துக்குள் போனேன். பழைய திரைப் பேனல், எங்கோ செய்த போர்டு, புது டப்பா, எல்லாம் சேர்த்து அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிற ஆள் ஒருவன் இருந்தான். "முன்னால எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டணும்ணே?" என்று கேட்டான், தோசைக்கு என்ன சட்னி வேண்டும் என்பது போல. ஃப்ளெக்ஸைப் போனில் காட்டினேன். அதையே ஒட்டினான்.

டிவிக்கு மாலை போட்டு, ஆள் தோளில் ஏற்றி, கொட்டுமேளத்தோடு போனேன். மைக் செட்காரன் கம்பெனி பெயரை மூன்று தடவை சொன்னான். தாமரை வாசலில் நின்று அழுதேவிட்டாள். அவளுடைய ஓரகத்தி ஜெயக்கொடி, அழகுபாண்டியின் தம்பி பொண்டாட்டி, வசதியான இடம். தாமரையை வாய்க்கு வாய் இடிப்பவள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஜெயக்கொடி எதைச் சொன்னாலும் தாமரைக்கு ஒரே பதில்தான்: "எங்கண்ணன் எறக்குன கம்பெனி டிவிய வந்து பாரு."

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமரை போன் செய்தாள்.

"அண்ணே, டிவில சத்தம் மட்டும் வருது, படத்தக் காணோம். இவரு தானே கழட்டிப் பாக்கப் போறேங்குறாரு."

பின் மூடியைக் கழற்றினால் தீர்ந்தது. உள்ளே இருப்பது கம்பெனிச் சாமான் இல்லை என்பது ஸ்க்ரூ பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரிந்துவிடும். அழகுபாண்டியிடம் கேவலப்படுவதுகூடப் பரவாயில்லை. தாமரை இனி எந்த வாயோடு ஜெயக்கொடிக்குப் பதில் சொல்வாள்?

உடனே டிவி மெக்கானிக் மலையாண்டியைப் பிடித்தேன். "நீ பாக்குற மாதிரிப் பாரு. பேனல் போச்சு, புதுசுதான் வாங்கணும்னு சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன். "அது ஒண்ணுமில்லண்ணே, நாங்க தெனமும் சொல்றதுதான" என்றார் மலையாண்டி.

இருவரும் போய் இறங்கும்போது டிவியைச் சுவரிலிருந்து கழற்றி மேஜைமேல் நிறுத்தியிருந்தார் அழகுபாண்டி. மலையாண்டி அதை இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர்கள் சொந்தக்காரர்களைப் பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்தார்.

"பேனல் போச்சு சார். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க."

"நான் எடுத்துத் தாரேன் மாப்ள" என்றேன் நான். வெங்காயம் இப்போது நல்ல விலை. "இதவிடப் பெருசா. இன்னைக்கே."

அழகுபாண்டி உள்ளே போனார். டார்ச்சை எடுத்து வந்து, டிவியைப் போட்டு, திரைமேல் ஒட்டினாற்போல் வெளிச்சம் அடித்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு சமையல்காரர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"படம் இருக்கே அண்ணே" என்றார் மலையாண்டியிடம், மரியாதையாகத்தான். "பேனல் போயிருந்தா வெண்டைக்கா எப்படித் தெரியும்? பின்னாடி எரியிற லைட்டுதான போயிருக்கு."

மலையாண்டி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவருக்கு அவசரமாகத் திருநகரில் ஒரு வேலை இருப்பது ஞாபகம் வந்து, செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் விடவில்லை. உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும் என்றேன். பிளக்கைப் பிடுங்கி நேற்றே வைத்தாயிற்று, இப்போது டார்ச்சுக்காக மட்டும்தான் போட்டேன், இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்போம் என்றார். ராகுகாலம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தானே என்றார். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசு குடுத்து வாங்குனவன் நான் சொல்றேன், தூக்கிப் போடுங்கங்கிறேன். அப்புறம் என்ன மாப்ள வீம்பு?"

"நீங்க சீராக் கொண்டாந்தத நானே தூக்கிப் போட்டா நல்லாவா மச்சான் இருக்கும்?" என்றார்.

கட்டிலில் மெத்தை விரித்து டிவியைக் குப்புறப் போட்டார். லேபிலிருந்து கொண்டுவந்த டெஸ்ட் டியூப் ஸ்டாண்ட் பக்கத்தில். கழற்றுகிற ஸ்க்ரூவை வரிசைப்படி ஒவ்வொரு டியூபிலும் போட்டார். மூடி கழன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. வேறு ஏதோ கம்பெனியின் பாதி கிழிந்த லேபிள், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர்கள், அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்த போர்டு. அழகுபாண்டி அதையெல்லாம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்ப்பது போலப் பார்த்தார். இந்த ஆளுக்குக் கண் அவிந்துவிட்டதா என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தாமரை எட்டிப் பார்க்க வந்தாள். "தாமர, வெளிச்சத்த மறைக்காத. மச்சானுக்கு வடை சுட்டுக் காப்பி போடு" என்றார் திரும்பாமலே. அவள் போனாள்.

அடுத்ததுதான் கஷ்டமான வேலை. லைட் வரிசையை எடுக்க வேண்டுமானால் டிவியை நிமிர்த்திப் போட்டு, முன்னால் உள்ள கண்ணாடிப் பேனலைத் தனியாகத் தூக்க வேண்டும். அப்பளம் மாதிரி அது, அழுத்தினால் நொறுங்கிவிடும். ஒரு ஆளால் முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம் விரலால் பிடித்துத் தூக்கினோம்.

இப்போது என் மனசுக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு விரலை நான் நழுவ விட்டால் போதும். பேனல் கீழே விழும், டிவி குப்பைக்குப் போகும், உண்மையும் அதோடு போகும். நாளைக்கே அசல் கம்பெனி டிவி வந்து இறங்கும். யார் என்னைக் குறை சொல்ல முடியும்? வெங்காயம் நிறுத்துப் பழகிய கை, கண்ணாடி பிடித்துப் பழக்கமில்லை.

"விட்டுராதீங்க மச்சான்" என்றார் அழகுபாண்டி மெதுவாக. "இந்த டிவிக்கு முன்னாடி நின்னுதான் அவ அம்புட்டுப் பேருக்கும் பதில் சொல்லிக்கிட்டிருக்கா."

நான் விடவில்லை. பேனல் பத்திரமாக மெத்தைமேல் இறங்கியபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அப்புறம் வெள்ளை வெள்ளையாக நாலு தாளை உருவினார். அடியில் வரிசையாகக் குட்டி லைட்டுகள். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரே ஒரு லைட் கருகியிருந்தது. அது ஒன்று போனதால் அத்தனையும் அணைந்துவிட்டதாம். பழைய டிவி ஒன்றிலிருந்து பிடுங்கி வைத்திருந்த லைட் பட்டையை ஒட்டி, ஒயர் பற்ற வைத்து, மறுபடி எல்லாவற்றையும் அடுக்கி மூடினார். ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை. டிவி சுவருக்குப் போனது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. அந்தச் சந்துக் கடைக்காரன் விற்கும்போதே எச்சரித்திருந்தான். ரிமோட்டில் போட்டால் தொந்தரவில்லை. மெயின் சுவிட்சைப் போட்டால் மட்டும் முதல் பத்து செகண்டுக்கு, போர்டு செய்தவன் பெயர் திரை முழுக்கச் சிவப்பாக வரும். வாயில் நுழையாத பெயர். ஒட்டிய ஸ்டிக்கருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இத்தனை வருஷத்தில் தாமரை அதைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. கவனித்திருக்க மாட்டாள் என்று நானும் மறந்தே போனேன்.

இப்போது தாமரை வடையும் காப்பியுமாக வந்து டிவிக்கு நேராகவே உட்கார்ந்துவிட்டாள். அழகுபாண்டி மெயின் சுவிட்சைப் போட்டார். போட்ட கையோடு நகர்ந்து வந்து, திரைக்கு முன்னால், எங்களைப் பார்த்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய முழங்கைகளுக்கு வெளியே சிவப்பு வெளிச்சம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

தாமரை தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தியாண்ணே? ஆறு வருசமா இதே கூத்துதான். சுவிட்ச நான் தொடக்கூடாது. வோல்டேஜ் அடிச்சிருமாம். கரண்டு போயி வந்தா, பள்ளிக்கூடத்துல இருந்து வண்டிய எடுத்துக்கிட்டு வந்து இவருதான் போடுவாரு. போட்டுட்டு இப்படி மறிச்சுக்கிட்டு நிப்பாரு. கேட்டா, சூடு இருக்கான்னு முதுகுல பாக்குறாராம். இப்படியும் ஒரு கிறுக்கு உண்டா?"

அழகுபாண்டி சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் அவருடைய செருப்பைக் கேலி பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. அழுதுவிடுவேன் போல இருந்தது. தங்கச்சி முன்னால் அழ முடியாது.

"ஒதுங்குங்கங்கிறேன்ல" என்று தாமரை எழுந்து வந்தாள்.

பத்து செகண்ட் இன்னும் முடியவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.