பெட்டி ஓரத்துப் பாதிக் கொத்துகள்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கணினியில் உருவாக்கி, அது சரியாக வந்திருக்கிறதா என்று பயந்துகொண்டே பார்ப்பதுதான் என் தொழில். நிரல் எழுதிப் பிழை தேடும் எல்லோருக்கும் இந்தப் பயம் புரியும்.

வீட்டில் விளக்கம்

எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவள் நான் ஒருத்திதான். வேலையோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஆறுமாத ஒப்பந்தம். சாவகச்சேரிச் சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "இருண்ட பொருள் வெளிச்சம் தராது. அதன்ரை ஈர்ப்பு மட்டும்தான் தெரியும். எங்கடை மென்பொருள், பெட்டிக்குள்ளை புள்ளிகளைப் போட்டு, அதுகள் ஒண்டையொண்டு இழுத்துக் கொத்தாகிறதைக் காட்டும்" என்றேன். அம்மா பையை மடித்தபடி கேட்டார்: "காணாத சாமானைத் தேட ஆறுமாசம் காணுமே, பிள்ளை?"

ஊதா

நெல்லியடியிலிருந்து மாணவிகள் ஆய்வுகூடம் பார்க்க வந்தார்கள். புள்ளிகள் சிலந்திவலைபோல விரியும் காணொளியைப் போட்டேன். நிறம் தெரிவு செய்தவர் உடன் வேலை செய்யும் குகன் அண்ணை. முன்வரிசைப் பிள்ளை கையை உயர்த்தினாள்: "அக்கா, கண்ணுக்குத் தெரியாது எண்டு சொன்னனியள். பிறகேன் ஊதா அடிச்சு வைச்சிருக்கிறியள்?"

தட்டைக் கொத்துகள்

ஒப்பந்தம் முடியும் மாதம். உருண்டையாக வரவேண்டிய கொத்துகளில் சில, கத்தியால் வெட்டியதுபோல ஒரு பக்கம் தட்டையாக வந்தன. புதுக் கண்டுபிடிப்பு என்று ஆய்வுகூடமே துள்ளியது. மறுநாள் கூட்டத்தில் வெளிநாட்டுக் குழுவுக்குக் காட்டுவதாக ஆய்வுகூடத் தலைவரான சேர் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் என் வேலை நீடிக்கும். குகன் அண்ணை எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கி வந்தார்.

நான் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். தட்டையானவை எல்லாம் பெட்டியின் சுவரோரமே இருந்தன. எங்கள் பெட்டியில் வலப்பக்கம் வெளியேறும் புள்ளி இடப்பக்கத்தால் உள்ளே வரும். கொத்து எண்ணும் நிரலுக்கு அது தெரியாமல், ஒன்றை இரண்டு பாதியாக எண்ணியிருந்தது. ஓரம் நடுவுக்கு வரும்படி பெட்டியைப் பாதியளவு நகர்த்திப் பார்த்தேன். பாதிகள் சேர்ந்து அழகான உருண்டைகளாயின. பக்கத்தில் நின்று பார்த்த குகன் அண்ணை குரலைத் தாழ்த்தினார்: "கூட்டம் முடியட்டும், தங்கச்சி. ரோல்ஸும் சாப்பிட்டாச்சு."

சேரின் மேசை

என்னால் மறைக்க முடியவில்லை. மடிக்கணினியைக் கொண்டுபோய், பெட்டியை நகர்த்துவதற்கு முன்னும் பின்னுமான இரண்டு படங்களையும் சேருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, நெடுநேரம் பார்த்தார். "நாளைக்கு உந்த உருண்டைப் படத்தைத்தான் காட்டப்போறம். நீங்கள் இன்னும் ஒரு வருசம் நில்லுங்கோ. மிச்சப் பிழையளை ஆர் பிடிக்கிறது?"

ஒன்றையும் கண்டுபிடிக்காததற்காக வேலை நீடிக்கப்பட்ட ஆள் இந்தப் பிரபஞ்சத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.