உத்தமர் என்று போடும் கடை

பண்ணைக்காடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜோதிமணி பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். காதுகுத்தானாலும் சாவானாலும் பேனர் அவள் கடையில்தான். யாரிடமும் படித்த தொழில் இல்லை. பழைய டிசைன்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பழகினாள்.

சாவு பேனரில் படத்துக்குக் கீழே ‘உத்தமர்’ என்று போடச் சொல்வார்கள். நெறி தவறாமல் வாழ்ந்தவர் என்று அர்த்தம். பெண்டாட்டியை அடித்தவருக்கும், அடுத்தவர் வரப்பை வெட்டியவருக்கும் போட்டிருக்கிறாள். படம் மாறும், பெயர் மாறும்; சொல் அதே இடத்தில் இருக்கும். உயிரோடு இருப்பவரை அந்த ஊரில் அப்படிச் சொன்னால் கேலி.

அவள் புருஷன் ஜெயமுருகனைக் கொஞ்ச நாளாக அப்படித்தான் சொல்கிறார்கள். ஜீப் ஓட்டுகிறவன். காட்டு மரத்தைக் கடத்தியவர்களைக் கண்ணால் பார்த்தான். கோர்ட்டில் சொல்வதாக இருந்தான். டீக்கடைக்குப் போனால், “வாராருய்யா உத்தமரு” என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்கள்.

சாட்சிக்கு முந்தின மதியம், மரம் கடத்தியவர்களில் ஒருவனின் தம்பி ராஜமுருகன் கடைக்கு வந்தான். பெரிய சாவு பேனர் கேட்டான்.

“படம் கொண்டாந்தீங்களாண்ணே?”

“எடம் விட்டு வையி தங்கச்சி. நாளைக்கு வந்துரும்.”

“பேரு?”

“ஒனக்குத் தெரியாத பேரா?”

அவன் போன பிறகு மூடுபனி கடை வாசல்வரை வந்து நின்றது. திரையில் இரண்டு விளக்குகளுக்கு நடுவே வெற்றுக் கட்டம். பார்க்கப் பார்க்க அதில் மீசை தெரிவதுபோல் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தாள். கட்டம் சுவரில் தெரிந்தது.

போகவேண்டாம் என்று புருஷனிடம் அழுதாள். “பாத்தத பாக்கலன்னு சொல்லிட்டு ஊருக்குள்ள எப்புடிடி இருக்க?” என்றான் அவன்.

மறுபடி கடைக்கு வந்து விளக்குகளை நீக்கினாள், மாலையை நீக்கினாள். அவன் சிரிக்கிற படத்தை வைத்தாள். ‘உத்தமர்’ இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே, ‘இன்று சாட்சி சொல்லப் போகிறார், மாலையில் திரும்புவார்’ என்று சேர்த்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தால் அவன்மேல் கை வைக்கத் தயங்குவார்கள் என்பது அவள் கணக்கு. அச்சடித்து, மறுநாள் வெள்ளனே போய் நிறுத்தத்தில் கட்டினாள்.

பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் படத்தையும் அந்தச் சொல்லையும் மட்டும் பார்த்தார்கள். ஒரு அம்மா அவளிடமே, “எப்ப எடுக்கிறாங்க?” என்று கேட்டாள்.

“இருக்காருங்க” என்றாள் ஜோதிமணி. அந்த அம்மா அவள் கழுத்தைப் பார்த்தாள்.

பனிக்குள்ளிருந்து ஜீப் வந்தது. ஜெயமுருகன் கையசைத்தான். பதிலுக்கு ஒருவரும் கையசைக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தோள்துண்டை எடுத்தார்கள். பிணம் கடக்கும்போது செய்வதுபோல, கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள்.

ஜோதிமணி ஓடிப்போய் ஜீப்பில் ஏறி, அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

“ஏன் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல. வெரசா ஓட்டுங்க” என்றாள்.