கன்னி மூலையில் ஒரு பீரோ

விற்பவரும் தரகரும் முகம் சுளித்தால்தான் வேலையை ஒழுங்காகச் செய்ததாக அர்த்தம், என் தொழிலில். பழைய வீடுகளைச் சோதித்து, வாங்கலாமா, என்ன பெறும் என்று சொல்கிறேன். வீடு தேடி அலைந்த உங்களுக்கும் தெரிந்திருக்கும், புது பெயின்ட் வாசனை வந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று.

அஷ்டமி

மல்லிகாம்மா பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் மீன் விற்பவர். கடல் அவர் வீட்டுச் சமையலறைச் சுவர்வரை வந்துவிட்டது. அடுத்த மழைக்குள் வேறு வீட்டுக்குப் போயே தீருவது என்று, நகருக்குள் சாரம் என்ற பகுதியில் ஒரு வீட்டைப் பார்த்துவைத்து என்னைக் கூட்டிப் போனார்.

சுவர்களைத் தட்டிக்கொண்டே வந்தேன். படுக்கையறை மூலையில் ஒரு இரும்பு பீரோ. நகர்த்தச் சொன்னதும் வீட்டுக்காரர் பதறினார். கன்னி மூலை, இன்று அஷ்டமி, நாளை நவமி. தசமி வராமல் பீரோவைத் தொடக் கூடாதாம். பார்க்காத சுவருக்கு நான் மதிப்புச் சொல்வதில்லை என்றேன். மல்லிகாம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தசமி வரட்டும் சார். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன். ஒரு பாய் மட்டும் குடுங்க."

தசமி

பாய் தேவைப்படவில்லை, தசமியன்று காலை வரச் சொல்லி அனுப்பினார்கள். நானும் தரகரும் பீரோவை நகர்த்தினோம். பின்சுவரில் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தியதும் பூச்சு உதிர்ந்தது. பரண்மேல் ஏறி டார்ச் அடித்தேன். பெயின்ட் எட்டாத இடத்தில் கம்பி துருவேறி உப்பி, மேல்தளத்தைப் பிளந்திருந்தது. கடல் மணலைக் கலந்து கட்டியிருக்கிறார்கள். தரகர் என்னை வெளியே அழைத்துப்போனார். அவருக்கு உண்மையாகவே என்மேல் வருத்தம்.

"கடலோரத்துல இருந்துகிட்டு உப்பே கூடாதுன்னா எப்படி சார்? நீங்க என்ன ஊட்டியிலயா வீடு பாக்குறீங்க?"

டீக்கடை

வாங்க வேண்டாம் என்று தெருமுனை டீக்கடையில் மல்லிகாம்மாவிடம் சொன்னேன். எந்த அறையில் யார் படுப்பது என்பதுவரை அவர் முடிவுசெய்திருந்தார். ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். மேல்தளத்தையே இடித்துப் போட வேண்டும் என்றேன். மழை நெருங்கிக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரியும். மல்லிகாம்மா டீயை ஆற்றினார். பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"கடலுக்குப் பயந்து நான் இங்க ஓடியாந்தா, அது எனக்கு முன்னாடியே வந்து பீரோ பின்னால ஒளிஞ்சிருக்கு பாருங்க. எழுந்திரிங்க சார், அடுத்த வீட்டப் பாப்போம்."

அவரோடு வீடு பார்க்கக் கிளம்பும் காலைகளில் இப்போது நான் முதலில் காலண்டரைத்தான் பார்க்கிறேன், பீரோவை நகர்த்தத் தோதான நாளா என்று.