பிளாஸ்டரில் சிக்கிய தாலி

டெல்லி ஜங்புராவில் ஒரு மாடி அறை. மாலை ரயிலுக்கு நேரமிருப்பதால், இந்தக் கலவை ஓவியப் பயிற்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கொரு பலகையில் ஈரமான பிளாஸ்டர் பூசியிருக்கிறது. உடம்பில் அணிந்திருக்கும் ஏதாவதொன்றை அதில் அழுத்தித் தடம் எடுக்க வேண்டும். காய்ந்தபின் துணியும் காகிதமும் ஒட்டி வண்ணம் பூசலாமாம். "ஜல்தி, ஜல்தி!" என்று விரட்டுகிறார் பயிற்சியாளர்.

எல்லோரும் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கல்பனா, டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், எதையும் கழற்றவில்லை. குனிந்து, கழுத்தில் கிடக்கும் தாலியை அப்படியே பிளாஸ்டரில் அழுத்துகிறாள். மஞ்சள் கயிறும் சேர்ந்து புதைகிறது. கொஞ்ச நேரத்தில் நிமிரப் பார்க்கிறாள், முடியவில்லை.

"அக்கா, புடிச்சிக்கிச்சு. சுடுது வேற."

இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். கயிற்றை வெட்டப் பயிற்சியாளர் கத்தரிக்கோலோடு ஓடி வருகிறார்.

"நஹீ பையா, நஹீ!"

வேண்டாம் அண்ணா என்று அவள் இந்தியில் அலறியதில் அறையே திரும்பிப் பார்க்கிறது. நான் சிறு கத்தியால் கயிற்றின் ஓரமாகச் சுரண்டுகிறேன். அவளுக்குச் சொல்வதுபோல் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"பயப்படாதம்மா. அறுந்தாலும் புதுக் கயிறு மாத்திக்கலாம். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

பலகையைப் பார்த்தபடியே பேசுகிறாள்.

"வேலைக்குன்னு போனவரு அக்கா. ரெண்டு வருஷமா போனும் இல்ல, ஆளும் இல்ல. இருக்காரா இல்லையான்னே தெரியல. இது அறுந்துச்சுன்னா..."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நகத்தால் சுரண்டத் தொடங்குகிறேன்.