இன்திசாரின் நோன்புக் கணக்கு

பிஞ்சுச் சுரைக்காயின் காம்பை அரிந்து, குடையும் கத்தியை உள்ளே விட்டு ஒரு சுற்று. சதை முழுதாக வெளியே வந்துவிடும், தோல் கிழியாது. கைகள் எப்போதும் ஈரமாக இருப்பதால் பக்கத்திலுள்ள கைப்பேசியை முழங்கையால்தான் தட்டுவாள் இன்திசார். மாதந்தோறும் சில நாள்கள் அதில் சிவப்புப் புள்ளி வைப்பாள்.

ஜோர்தானின் இர்பித் நகரச் சந்தைக்குப் பின்னால், எங்கள் வீட்டு முற்றத்தில்தான் அவள் தொழில். அரிசி அடைக்கத் தயாராகக் குடைந்த காய்களை, வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கிப்போவார்கள். தணிந்த குரலில் பேச அவளுக்குத் தெரியாது. "பெரியப்பா, காதைப் பொத்திக்குங்க, பொம்பளைங்க பேச்சு" என்பாள். நான் பொத்துவதற்குள் பேச்சே முடிந்திருக்கும்.

தூரமான நாள்களில் நோன்பு கூடாது. விட்டதைப் பிறகு பிடித்து ஈடுகட்ட வேண்டும். அந்தக் கணக்குக்காகத்தான் அவள் மகள் கைப்பேசியில் மாதவிலக்குச் செயலியைப் போட்டுக்கொடுத்தாள். இவ்வருடம் பெருநாள் கழிந்து சில நாள்களில், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அது சொன்னது. இன்திசாருக்கு வயது நாற்பத்து மூன்று. கடைசிப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று கூடவே கூடாது என்றிருந்தார் மருத்துவர். அவள் குரல் முற்றத்தில் எழவில்லை. குடைந்த காயெல்லாம் கிழிந்தது.

என் மனைவி ஸக்கிய்யாதான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "ஏன்டி, ரமலான்ல ரெண்டு தடவை புள்ளி வெச்சிருக்கே?"

"நோன்பு விட்ட நாளுக்கெல்லாம் வெச்சேன், பெரியம்மா."

"மொதல் வாரம் காய்ச்சல்ல கெடந்தியே, அதுக்குமா?"

"அதுவும் விட்ட நோன்புதானே."

"காய்ச்சலை அது கண்டுச்சா? நீ ஒரே மாசத்துல ரெண்டு தடவை தூரமாயிட்டேன்னு நெனச்சு, அடுத்ததையும் சீக்கிரமா எதிர்பார்க்குது. உனக்கு இன்னும் நாளே வரலடி."

இன்திசார் என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, கேட்டீங்களா?"

"அவர் என்னிக்குக் காதைப் பொத்தினார்?" என்றாள் ஸக்கிய்யா.

இன்திசார் காய்ச்சல் புள்ளிகளை அழித்தாள். ஆனாலும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. கணவன் அத்னானிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, விட்ட நோன்புகளில் ஒன்றைப் பிடித்திருந்தாள். உச்சிவேளையில் கத்தியை வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள். திரும்பி வந்தாள். என் முன்னாலிருந்த தேநீரை எடுத்து, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள்.