நிஷாத் தோட்டத்தில் ஐம்பது நிமிடம்

காஷ்மீர் போகவிருக்கும் தோழி ஒருத்தி, நிஷாத் தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம் என்று போன வாரம் கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் போனது 1974 ஜூன் மாதம். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீடு. கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டுநர். காஷ்மீர் மலைக்குள் எங்கோ முகாம். அவரைப் பார்த்து ஒன்றரை வருடமாகியிருந்தது. மகள் சந்திராவுக்குப் பத்து மாதம், அவளை அவர் பார்த்ததே இல்லை. இரண்டு முறை விடுப்பு கிடைத்து இரண்டு முறையும் ரத்தானது. பிறகு ஒரு கடிதம் வந்தது. பதினெட்டாம் தேதி லாரியோடு ஸ்ரீநகர் வருகிறாராம், பகல் முழுக்க ஓய்வாம். நிஷாத் தோட்டத்தின் கீழ் வாசலில் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அண்ணன் துணைக்கு வந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பாயின் ஜவுளிக்கடையில் இருந்தவர் என்பதால் கொஞ்சம் உருது பேசுவார். சென்னைக்கு பஸ்ஸில் எழுபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவு, ஜம்முவுக்கு இன்னொரு இரவு. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், மலைப்பாதையில் பஸ் பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்.

பதினெட்டாம் தேதி லாட்ஜில் ஸ்டவ் கேட்டு வாங்கி எலுமிச்சைச் சோறு கிளறினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பொரிவிளங்காய் உருண்டைகளும் இருந்தன. தால் ஏரிக்கரையை ஒட்டி பதினொரு கிலோமீட்டர், குதிரை வண்டிக்கு எட்டு ரூபாய். ஒன்பது மணிக்குத் தோட்டத்து வாசலில் இறங்கினோம்.

முன்னால் ஏரி, பின்னால் மலை. இடையே பன்னிரண்டு தளங்களாக மேலேறுகிறது தோட்டம். நடுவில் ஒரு கால்வாய். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சரிவான கல்லில் தண்ணீர் வழிந்து அடுத்த தளத்துக்கு இறங்குகிறது. எல்லோரும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. வாசல் கண்ணில் பட வேண்டும் என்று இரண்டாவது தளத்தில், ஒரு சினார் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு அடித்தது. மூன்றும் ஆனது. காக்கி உடை தெரியும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"நீயாவது சாப்பிடும்மா, பால் குடுக்கிறவ" என்றார் அண்ணன்.

"அவர் வந்துடட்டும்ணா."

ஐந்து மணிக்கு அண்ணன் தோட்டக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்தார். "மலையில மண்ணு சரிஞ்சி ரோடு அடைச்சிக்கினு இருக்குதாம். இன்னிக்கு வருவாரான்னு தெரியலமா."

நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. சூரியன் ஏரிப்பக்கம் இறங்க இறங்க, சோற்றுத் தூக்கைப் பார்க்கவே எனக்கு அழுகை வந்தது.

ஆறு நாற்பதுக்கு வாசலில் ஒருவர் ஓடி வந்தார். முழங்கால்வரை சேறு. இளைத்துக் கறுத்திருந்ததால் பக்கத்தில் வரும்வரை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஏழரைக்கு எங்க லாரிங்க எல்லாம் கிளம்பிடும்" என்றார். முதல் வார்த்தையே அதுதான்.

கையை நீட்டினார். சந்திரா மீசையைப் பார்த்து வீரிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"உடு பத்மா. பயப்படுது. நான் இங்கயே உக்காந்துக்கிறேன்."

கால்வாயின் கல்வரம்பில் உட்கார்ந்து கையைக் கழுவினார். காலையிலிருந்து அவரும் பட்டினி. வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

"அங்க பொழுது பாத்து சாப்பிட முடியலமா" என்றார் தலை குனிந்தபடி. "கெடச்சப்ப சாப்பிடறேன்."

"அதனால என்னங்க? சாப்பிடுங்க, போதும்" என்றேன்.

அண்ணன் தூக்கைக் கழுவும் சாக்கில் விலகிப் போனார். அவர் தண்ணீரில் விரலைத் தோய்த்துக் கல்லில் தெளித்துக்கொண்டிருந்தார். சந்திரா அதையே பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போய், கால்வாய்க்குள் கையை விட்டாள். விழுந்துவிடாமல் இருக்க அவர் அவளுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மகளை அவர் தொட்டது அப்படித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள், அழவில்லை. அவர் கண்தான் நிறைந்துவிட்டது.

சாலையில் ஹாரன் கேட்டது. "பத்திரமா போங்க" என்று அண்ணனிடம் சொன்னார். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் படியிறங்கினார். அடுத்த விடுப்பு கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. வீட்டுக்கு வந்தவரைச் சந்திரா பல நாள் "மாமா" என்றே கூப்பிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம். ஜூனிலும் மாலையில் குளிரும், குழந்தைக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையை நம்பி ஒரே நாளில் திட்டம் போடாதீர்கள், இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்திலிருந்து ஏரி முழுதாகத் தெரியுமாம். நான் ஏறிப் பார்த்ததில்லை.

அவர் ஓய்வு பெற்று வந்தபின் முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். சேர்ந்து எத்தனையோ ஊர்களுக்குப் போனோம். அவர் போய் ஆறு வருடமாகிறது. இப்போது எனக்கு ஏக்கமாக இருப்பது அந்த ஊர்களுக்காக இல்லை. அந்தக் கல்வரம்பில், குழந்தையின் சட்டையைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இன்னும் ஒரு பத்து நிமிடம் இருந்திருக்கலாம்.